பூசையும் ஆட்சியும்: பண்டைய ஜப்பான் உருவான வரலாறு

ஹொக்கைடோ, ஹோன்ஷு, ஷிகோகு, கியூஷு என்ற நான்கு பெரிய தீவுகளும் ஆயிரக்கணக்கான சிறு தீவுகளும் சேர்ந்தது ஜப்பான். அதன் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மலை. கடலோரச் சமவெளிகளிலும் ஆற்றுப் படுகைகளிலும்தான் மக்கள் நெருங்கி வாழ முடியும், பயிரிட முடியும். தென்மேற்கில் உள்ள கியூஷுவுக்கும் கொரியத் தீபகற்பத்துக்கும் நடுவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடல். நெல், இரும்பு, எழுத்து, புத்த சமயம் ஆகிய எல்லாம் இந்தக் கடல் வழியாகவே ஜப்பானுக்கு வந்து சேர்ந்தன. படகில் வரும் வணிகரும் துறவியரும் கைவினைஞரும் அந்தக் கடலைக் கடந்துவிடலாம். பெரும் படையோடு வந்து நாட்டைப் பிடிப்பது அரிது. ஆகவே வெளியிலிருந்து வந்தவற்றை ஜப்பானியர் யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தங்கள் தேவைக்கேற்பத் தேர்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

தெய்வத்தின் முன் நின்று சடங்கு செய்யும் உரிமை யாருக்கு உண்டோ அவருக்கே மக்களை ஆளும் உரிமையும் உண்டு என்பது அந்த மண்ணில் மிகப் பழைய எண்ணம். பிற்காலத்தில் சீனச் சட்டமும் புத்த சமயமும் நாட்டின் தோற்றத்தையே மாற்றியபோதும் இந்த எண்ணம் அழியவில்லை. புதிதாக வந்தவை அதைச் சுற்றியே இடம்பிடித்தன.

நெல்லுக்கு முந்திய காலம்

மேற்கு ஆசியாவில் உழவு தொடங்கிய பிறகே மண்பாண்டம் வந்தது. ஜப்பானில் இந்த வரிசை தலைகீழ். ஹோன்ஷுவின் வட முனையில் உள்ள ஆமோரி மாநிலத்தில் கிடைத்த பானை ஓடுகள் 15,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அப்போது அங்கே உழவு இல்லை. ஈரக் களிமண்ணில் கயிற்றை அழுத்திக் கோலம் பதித்த பானைகளைக் கொண்டே அந்தக் காலத்துக்கு ஜோமோன் என்று பெயர் வந்தது. அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் 1877-இல் டோக்கியோவுக்கு அருகே ஓமோரி என்ற இடத்தில் இருந்த சிப்பி மேட்டைத் தோண்டியதிலிருந்து அவற்றைப் பற்றிய அறிவியல் ஆய்வு தொடங்கியது.

ஜோமோன் மக்கள் மீன், சிப்பி, மான், காட்டுப்பன்றி, கொட்டைகள் ஆகியவற்றை உண்டு வாழ்ந்தார்கள். கடலும் காடும் வளமாக இருந்ததால் வேட்டையாடியவர்களே ஓரிடத்தில் நிலையாகத் தங்கவும் முடிந்தது. ஆமோரியில் உள்ள சன்னாய் மருயாமா என்ற ஊரில் மக்கள் 1,500 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் பருமன் கொண்ட ஆறு செஸ்ட்நட் மரத் தூண்களின் அடிப்பகுதிகள் அங்கே கிடைத்தன. இவ்வூர் உள்ளிட்ட வட ஜப்பானின் ஜோமோன் இடங்களை யுனெஸ்கோ 2021-இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அம்மக்கள் செய்த களிமண் உருவங்களில் பெரும்பாலானவை பெண் வடிவங்கள். பலவும் உடைந்த நிலையிலேயே கிடைக்கின்றன. பிள்ளைப்பேறு, நோய் நீக்கம் ஆகியவற்றுக்கான சடங்குகளில் அவை பயன்பட்டன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

நெல் வந்தது, ஊர் அரசானது

கி.மு. முதல் ஆயிரமாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து கியூஷுவின் வடகரைக்கு நன்செய் நெல் வேளாண்மை வந்தது. ஃபுகுவோகா நகரில் உள்ள இத்தாசுகே என்ற இடத்தில் வாய்க்காலும் தடுப்பணையும் அமைந்த மிகப் பழைய வயல்கள் தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. நெல்லைத் தொடர்ந்து வெண்கலமும் இரும்பும் வந்தன. கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வரை நீண்ட இந்தக் காலம் யாயோய் எனப்படுகிறது.

நன்செய் நிலத்தைத் தனி ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாது. வாய்க்கால் வெட்டவும் மடை திறக்கவும் முறை வைத்து நீர் பாய்ச்சவும் ஊர் கூட வேண்டும்; ஊர் கூடினால் ஒரு தலைவரும் வேண்டும். அறுத்த நெல்லைச் சேர்த்து வைக்கலாம் என்பதால் அதைக் கொள்ளையடிக்கவும் ஆள் வந்தது. சாகா மாநிலத்தில் உள்ள யோஷினோகாரி என்ற யாயோய் ஊர் இதை நேரில் காட்டுகிறது. ஊரைச் சுற்றி அகழிகள், உயரமான காவற்கோபுரங்கள், தரைக்கு மேல் தூக்கிக் கட்டிய நெற்களஞ்சியங்கள், மண்தாழிகளில் புதைக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோர். அவர்களில் தலையில்லாத உடலும் ஒன்று.

வெண்கலத்தை அவர்கள் உழவுக்குப் பயன்படுத்தவில்லை. அதில் மணிகளும் வாள்களும் வேல்முனைகளும் வார்த்தார்கள். ஒரு மீட்டருக்கு மேல் உயரமான மணிகள் உண்டு. ஒலிக்கச் செய்ய முடியாத அளவுக்குப் பெரியவை அவை. ஷிமானே மாநிலத்தின் கோஜிந்தானி என்ற மலைச்சரிவில் 1984-இல் 358 வெண்கல வாள்கள் வரிசையாக அடுக்கிப் புதைக்கப்பட்ட நிலையில் கிடைத்தன. சமூகம் மிக அரிதாகக் கருதிய உலோகத்தைச் சடங்குக்காகவே மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள்.

பூசாரியே அரசி

அந்தக் காலத்து ஜப்பானில் எழுத்து இல்லை. அதைப் பற்றிய முதல் குறிப்புகள் சீனப் பதிவுகளில் உள்ளன. கிழக்குக் கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நாடுகள் இருந்ததாக அவை கூறுகின்றன. ஜப்பானியரை அவை ‘வா’ மக்கள் என்று குறித்தன. கி.பி. 57-இல் அந்நாடுகளில் ஒன்றின் தூதருக்கு ஹான் பேரரசர் குவாங்வு முத்திரை ஒன்றை வழங்கினார். 1784-இல் கியூஷுவின் ஷிகானோஷிமா தீவில் ஒரு பொன் முத்திரை கிடைத்தது. 2.3 சென்டிமீட்டர் பக்க அளவும் 108 கிராம் எடையும் கொண்ட அது அந்த முத்திரைதான் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

3-ஆம் நூற்றாண்டின் சீன வரலாற்றாசிரியர் சென் ஷோ தொகுத்த நூல் ஹிமிகோ என்ற அரசியைப் பற்றிப் பேசுகிறது. ஆண் அரசர்கள் ஆண்ட காலத்தில் வா நாடுகளுக்குள் பல ஆண்டுகள் சண்டை நீடித்தது. கடைசியில் எல்லாரும் கூடி ஒரு பெண்ணை அரியணையில் அமர்த்தினார்கள். அவருக்குத் தெய்வங்களோடு தொடர்பு உண்டு என்று மக்கள் நம்பினார்கள். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அரசியான பிறகு அவரை நேரில் கண்டவர் மிகச் சிலரே. ஆயிரம் பணிப்பெண்கள் சூழ மாளிகைக்குள்ளேயே இருந்தார். ஒரே ஓர் ஆண் உணவு கொண்டுபோய், அவர் சொல்லைக் கேட்டு வெளியே சொல்வார். நாட்டின் அன்றாடக் காரியங்களைத் தம்பி கவனித்தார். 239-இல் வெய் அரசுக்குத் தூது அனுப்பி, அரசி என்ற பட்டத்தையும் நூறு வெண்கலக் கண்ணாடிகளையும் ஹிமிகோ பெற்றார். 248-ஆம் ஆண்டை ஒட்டி அவர் இறந்ததும் ஓர் ஆண் அரசரானார். நாடு மீண்டும் கலகத்தில் விழுந்தது. ஹிமிகோவின் உறவினரான 13 வயதுப் பெண்ணை அரசியாக்கிய பிறகே அமைதி திரும்பியது.

ஹிமிகோவின் யாமத்தாய் நாடு கியூஷுவில் இருந்ததா, நாராவை ஒட்டிய பகுதியில் இருந்ததா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஆட்சிமுறையைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பு தெளிவானது. தெய்வத்தோடு பேசுபவர் ஒருவர், நிர்வாகம் செய்பவர் இன்னொருவர். முதலாமவரின் பெயரிலேயே இரண்டாமவர் ஆள்கிறார். இந்த ஏற்பாடு ஜப்பானிய வரலாற்றில் பின்னர் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

ஈமக்குன்றுகளும் குலங்களும்

3-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நாரா, ஒசாகா பகுதிகளில் மிகப் பெரிய ஈமக்குன்றுகள் எழுந்தன. மேலிருந்து பார்த்தால் சாவித் துவாரத்தின் வடிவில் தெரியும் இவற்றின் பெயராலேயே அந்தக் காலம் கொஃபுன் காலம் எனப்படுகிறது. சிறியதும் பெரியதுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஈமக்குன்றுகள் ஜப்பானில் உண்டு. ஒசாகாவை அடுத்த சக்காய் நகரில் உள்ள தைசென் குன்று, பேரரசர் நிந்தொக்குவுக்கு உரியதாகப் போற்றப்படுகிறது. 486 மீட்டர் நீளமுள்ள அதைச் சுற்றி மூன்று அகழிகள். நாளொன்றுக்கு 2,000 பேர் வரை உழைத்திருந்தாலும் அதைக் கட்டி முடிக்க 15 ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கும் என்று ஒரு கட்டுமான நிறுவனம் கணக்கிட்டது. இதைச் செய்துமுடித்த ஆட்சியாளரிடம் ஆளும் உணவும் மேற்பார்வையும் எவ்வளவு குவிந்திருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

குன்றுகளின் மேல் களிமண்ணில் செய்த வீடுகள், குதிரைகள், வீரர்கள், பெண் பூசாரிகள் ஆகிய உருவங்களை நிறுத்தினார்கள். உள்ளே கண்ணாடிகளும் வாள்களும் வளைந்த மணிக்கற்களும் இருந்தன. இந்த மூன்றுமே பிற்காலத்தில் ஜப்பானிய அரச குடும்பத்தின் புனிதச் சின்னங்கள் ஆயின.

யமாத்தோ அரசு எனப்படும் இந்த ஆட்சியின் பரப்பை ஒரு வாள் காட்டிக் கொடுத்தது. டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாநிலத்தில் உள்ள இனாரியாமா குன்றில் 1968-இல் துருப்பிடித்த இரும்பு வாள் ஒன்று கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்தபோது துருவுக்கு அடியில் பொன்னால் பதித்த 115 சீன எழுத்துகள் தெரிந்தன. வொவாகே என்பவர் தம் முன்னோரை எட்டுத் தலைமுறைக்குப் பெயர் சொல்லி, தம் குடும்பம் வழிவழியாக அரசரின் வாள்காவலர்களுக்குத் தலைமை தாங்கியதாகவும், தாம் வாக்கத்தக்கேரு என்ற பேரரசருக்குத் துணைநின்றதாகவும் அதில் பதித்திருக்கிறார். வாளின் காலம் 471 என்று கொள்ளப்படுகிறது. அந்த அரசர் பிற்கால நூல்கள் கூறும் யூரியாக்கு. அவரது பெயராகவே கருதப்படும் பொறிப்பு, தெற்கே கியூஷுவின் குமமோத்தோவில் கிடைத்த மற்றொரு வாளிலும் உள்ளது. 5-ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானின் கிழக்கிலும் தெற்கிலும் இருந்த தலைவர்கள் ஒரே அரசரைத் தங்கள் மேலரசராக ஏற்றிருந்தார்கள் என்பதை இவ்விரு வாள்களும் உறுதிசெய்கின்றன.

அந்த அரசு குலங்களின் கூட்டு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. குலதெய்வத்துக்குப் பூசை செய்பவரும் அவரே. தலைவர்களுக்கு அரசர் பட்டங்கள் வழங்கினார். ஓமி, முராஜி என்ற பட்டங்கள் மிக உயர்ந்தவை. ஒவ்வொரு குலத்துக்கும் அரசவையில் பரம்பரைக் கடமை இருந்தது. மொனோனோபே குலத்தார் படைக்கலங்களுக்கும், நக்காத்தொமி குலத்தார் சடங்குகளுக்கும், சோகா குலத்தார் கருவூலக் காரியங்களுக்கும் பொறுப்பு. குலங்களின்கீழ் நெசவாளர், குயவர், கொல்லர், மீனவர் ஆகியோர் தொழில்வாரிக் குழுக்களாக இயங்கினார்கள்.

இந்தக் கைவினைஞர்களிலும் எழுத்தர்களிலும் பலர் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் குடியேறியவர்கள். பட்டு நெசவு, குதிரை வளர்ப்பு, உயர் வெப்பச் சூளை, கணக்கெழுதுதல் ஆகியவற்றை வளர்த்தவர்கள் அவர்களே. 815-இல் அரசு தொகுத்த வம்சாவளிப் பட்டியலில் உள்ள 1,182 குலங்களில் கால் பங்குக்கு மேற்பட்டவை வெளிநாட்டு வழிவந்தவை. ஜப்பானிய அரசு என்ற கட்டடத்தை எழுப்பிய கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு.

கமி: மலையிலும் மரத்திலும் உறையும் தெய்வங்கள்

பிற்காலத்தில் ஷிண்டோ என்று பெயர்பெற்ற வழிபாட்டுக்கு நிறுவனரும் இல்லை, மறைநூலும் இல்லை. மலை, அருவி, முதிய மரம், பாறை, இடி, நெல், முன்னோர் என மனத்தில் வியப்பும் அச்சமும் எழுப்பும் எதிலும் கமி எனப்படும் தெய்வ ஆற்றல் உறையும் என்று மக்கள் நம்பினார்கள். தொடக்கத்தில் கோயில் கட்டடமே இல்லை. மரத்தையோ பாறையையோ சுற்றி வைக்கோல் கயிறு கட்டினால் அது புனித இடம். நாராவுக்கு அருகில் உள்ள ஓமிவா கோயிலில் இன்றும் கருவறைக் கட்டடம் கிடையாது. எதிரே நிற்கும் மிவா மலையையே தெய்வமாக வணங்குகிறார்கள். கியூஷுவுக்கும் கொரியாவுக்கும் நடுவே கடலில் உள்ள ஒக்கினோஷிமா தீவில் 4-ஆம் நூற்றாண்டு முதல் 9-ஆம் நூற்றாண்டு வரை கடற்பயணப் பாதுகாப்புக்காக அரசு சார்பில் சடங்குகள் நடந்தன. பாறைகளின் மேலும் நிழலிலும் படைத்த கண்ணாடி, பொன் மோதிரம், மணி முதலிய ஏறத்தாழ 80,000 பொருள்கள் அங்கே கிடைத்துள்ளன.

இந்த வழிபாட்டில் முதன்மையானது தூய்மை. சாவும் நோயும் இரத்தமும் தீட்டு. தீட்டோடு தெய்வத்தை நெருங்கக் கூடாது. ஆற்றிலோ கடலிலோ குளித்துத் தீட்டைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, ஆறாம் மாதத்தின் கடைசி நாளிலும் பன்னிரண்டாம் மாதத்தின் கடைசி நாளிலும், நாடு முழுவதன் தீட்டையும் போக்கும் பெருஞ்சடங்கு அரசவையில் நடந்தது. விதைப்புக்கு முன் நல்ல விளைச்சல் வேண்டியும் அறுவடைக்குப் பின் நன்றி சொல்லியும் விழாக்கள் உண்டு. புது நெல்லைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தாமும் உண்பது அரசரின் மிகப் பெரிய கடமை.

குலங்களுக்கு வெவ்வேறு தெய்வங்கள் இருந்தன. யமாத்தோ அரச குலத்தின் தெய்வம் சூரிய தேவதை அமத்தேராசு. தம்பி சுசானோவின் முரட்டுத்தனம் தாங்காமல் அமத்தேராசு குகைக்குள் மறைந்துகொண்டதால் உலகம் இருண்டது; மற்றத் தெய்வங்கள் ஆட்டமும் சிரிப்புமாக அவரை வெளியே வரவழைத்தபோது ஒளி திரும்பியது. பிறகு அமத்தேராசு தம் பேரன் நினிகியிடம் கண்ணாடி, வாள், மணிக்கல் ஆகியவற்றைக் கொடுத்து மண்ணுலகை ஆள அனுப்பினார். நினிகியின் வழிவந்த ஜிம்மு முதல் பேரரசரானார். ஜிம்மு அரியணை ஏறியதாக மரபு கூறும் ஆண்டு கி.மு. 660. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் அரசருக்கு ஆளும் உரிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இந்தக் கதைகளே விடை அளித்தன.

அமத்தேராசுவின் கோயில் மியே மாநிலத்தின் இசேயில் உள்ளது. 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அருகிலேயே ஒதுக்கப்பட்ட மனையில் பழைய அளவுப்படியே புதிய மரக்கோயில் எழுப்பித் தெய்வத்தை இடம் மாற்றுவார்கள். இந்த வழக்கம் பேரரசி ஜித்தோவின் காலத்தில் 690-இல் தொடங்கியது. 62-ஆவது புதுப்பிப்பு 2013-இல் நடந்தது. கோயிலுக்கு உள்ளே இருப்பது ஒரு கண்ணாடி. அதைப் பொதுமக்கள் யாரும் காண்பதில்லை. அரச குடும்பத்தின் மணமாகாத பெண் ஒருவரை இசேயில் பூசைப் பணிக்கு அனுப்புவது பேரரசர் தெம்முவின் காலத்தில் முறைப்பட்டு 14-ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது.

புத்தர் வந்த வழி

6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொரியாவின் பெக்சே நாட்டு அரசர் சொங், யமாத்தோ அரசர் கிம்மெய்க்கு ஒரு புத்தர் சிலையையும் நூல்களையும் அனுப்பினார். ஒரு மரபு அந்த ஆண்டை 538 என்றும் மற்றொன்று 552 என்றும் கூறும். அயல்நாட்டுத் தெய்வத்தை ஏற்கலாமா என்று அரசவை பிளந்தது. அண்டை நாடுகள் எல்லாம் வணங்கும்போது நாமும் வணங்க வேண்டும் என்றார் சோகா குலத் தலைவர் இனாமே. நம் தெய்வங்கள் சினம் கொள்ளும் என்றார்கள் மொனோனோபே, நக்காத்தொமி தலைவர்கள். சிலையைச் சோகா வீட்டில் வைத்து வணங்க அரசர் இசைந்தார். சிறிது காலத்தில் கொள்ளைநோய் பரவியது. எதிர்த்தவர்கள் சிலையைக் கால்வாயில் எறிந்து வழிபாட்டிடத்தை எரித்தார்கள்.

சமயச் சண்டையாகத் தெரிந்தாலும் இதன் உள்ளே இருந்தது அதிகாரப் போட்டி. சடங்கையும் படைக்கலத்தையும் கையில் வைத்திருந்த பழைய குலங்களுக்கு அரசவையில் இடம் பழைய தெய்வங்களால் கிடைத்தது. குடியேறிகளின் திறமையை நம்பி வளர்ந்த சோகா குலத்துக்குப் புதிய சமயம் வசதியாக இருந்தது. 587-இல் நடந்த போரில் இனாமேயின் மகன் உமாக்கோ, மொனோனோபே தலைவர் மோரியாவை வீழ்த்தினார். அடுத்த ஆண்டே பெக்சே கைவினைஞர்களைக் கொண்டு அசுக்கா கோயிலைக் கட்டத் தொடங்கினார். ஜப்பானின் முதல் ஓட்டுக்கூரைக் கோயில் அது.

அந்தக் கோயிலின் கோபுர அடித்தளத்தை 1957-இல் ஆய்வாளர்கள் தோண்டியபோது கவசமும் குதிரை மணிகளும் வளைந்த மணிக்கற்களும் கிடைத்தன. ஈமக்குன்றுகளில் இறந்த தலைவர்களோடு வைக்கும் அதே பொருள்களைப் புத்தரின் கோபுரத்துக்கு அடியிலும் வைத்திருக்கிறார்கள். வழிபாடு மாறியபோதும் பெரியவர்களைப் போற்றும் முறை மாறவில்லை.

குலத் தலைவர்கள் அதிகாரிகளானது

592-இல் உமாக்கோ, தமக்கு ஒத்துவராத அரசர் சுஷுனைக் கொலைசெய்வித்து, தம் சகோதரியின் மகள் சுய்கோவை அரியணையில் அமர்த்தினார். அதிகாரபூர்வ அரச வரிசையில் முதல் பேரரசி அவர். அவருடைய அண்ணன் மகன் இளவரசர் ஷோத்தொக்கு ஆட்சியில் துணைநின்றார். 603-இல் அதிகாரிகளுக்குப் பன்னிரண்டு படிநிலைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் தனி நிறத் தொப்பி உண்டு. குலப்பட்டம் பிறப்பால் வந்தது. தொப்பி அவரவர் பணிக்காகத் தரப்பட்டது. சிலை செய்யும் தொழிலிலிருந்த தோரியும், தூதராகச் சென்ற ஓனோ நோ இமோக்கோவும் இவ்வழியில் உயர்ந்தார்கள்.

604-இல் வெளியான பதினேழு விதிகள் இன்றைய பொருளில் அரசமைப்புச் சட்டம் அல்ல. அதிகாரிகளுக்கான நன்னெறி அவை. இணக்கத்தைப் பேணுக, புத்தரையும் அவர் அறத்தையும் சங்கத்தையும் மதிக்க, அரசாணைக்குப் பணிக, கையூட்டு வாங்காதிருக்க, காலையில் சீக்கிரம் வந்து மாலையில் தாமதமாகப் போக, பெரிய காரியங்களைத் தனியாக முடிவுசெய்யாதிருக்க என்று அவை கூறின. கன்ஃபூசியஸ் நெறியும் புத்த நெறியும் அவற்றில் கலந்திருந்தன. கமி வழிபாடு அவற்றில் இடம்பெறவில்லை. ஆனால் 607-இல் பழைய தெய்வங்களை வழிபடுவதில் குறை வைக்கக் கூடாது என்று சுய்கோ தனி ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டில் சீனாவின் சுயி அரசுக்குச் சென்ற தூதர், ஜப்பானிய அரசரைச் சீனப் பேரரசருக்குச் சமமாக வைத்து எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனார். சீனப் பேரரசர் சினந்தார். ஆயினும் உறவு தொடர்ந்தது. மாணவர்களும் துறவிகளும் சீனாவில் பல ஆண்டுகள் தங்கிச் சட்டமும் நிர்வாகமும் கற்றுத் திரும்பினார்கள்.

சோகா குலத்தின் ஆதிக்கம் 645-இல் முடிந்தது. இளவரசர் நக்கா நோ ஓயேவும் நக்காத்தொமி நோ கமத்தாரியும் திட்டமிட்டு, அரண்மனைச் சடங்கு ஒன்றின் நடுவே சோகா நோ இருக்காவைக் கொன்றார்கள். தொடர்ந்து வந்த தைக்கா சீர்திருத்தம் நிலமும் மக்களும் குலங்களுக்குச் சொந்தமல்ல, அரசருக்கே உரியவை என்ற கொள்கையை முன்வைத்தது. கமத்தாரி இறக்கும் தறுவாயில், 669-இல், ஃபுஜிவாரா என்ற குலப்பெயர் பெற்றார். அந்தக் குலம் பல நூற்றாண்டுகள் அரசவையை ஆட்டிவைத்தது.

663-இல் பெக்சேக்கு உதவச் சென்ற ஜப்பானியக் கப்பற்படை, தாங் சீனாவும் கொரியாவின் சில்லா நாடும் சேர்ந்த படையிடம் தோற்றது. படையெடுப்பு வரலாம் என்ற அச்சம் மையப்படுத்தலை விரைவாக்கியது. கியூஷுவில் கோட்டைகள் எழுந்தன. 670-இல் நாடு தழுவிய குடும்பப் பதிவேடு தொகுக்கப்பட்டது. 672-இல் நடந்த வாரிசுரிமைப் போரில் வென்ற தெம்முவும் அவருக்குப் பின் வந்த மனைவி ஜித்தோவும் அரச அதிகாரத்தை உச்சத்துக்குக் கொண்டுசென்றார்கள். பேரரசருக்கு உரிய தென்னோ என்ற பட்டமும் நிஹோன் என்ற நாட்டுப் பெயரும் இவர்கள் காலத்தை ஒட்டியே நிலைபெற்றன.

சட்டத்தின்படி ஓர் அரசு

701-இல் முடிவான தைஹோ சட்டத்தொகுப்பு தாங் சீனச் சட்டத்தைப் பின்பற்றியது. பேரரசரின்கீழ் இரு மன்றங்கள் அமைந்தன. ஒன்று தெய்வகாரிய மன்றம்; மற்றொன்று மாமன்றம். மாமன்றத்தின்கீழ் எட்டு அமைச்சகங்கள். சீனாவில் இல்லாத தெய்வகாரிய மன்றத்தை ஜப்பானியர் தாங்களாகவே சேர்த்து, சட்ட நூலின் வரிசையில் முதலில் வைத்தார்கள். ஆயினும் அதன் தலைவரின் படிநிலை மாமன்றத்து அமைச்சர்களைவிடத் தாழ்ந்தது. மரியாதை தெய்வகாரியத்துக்கு, அதிகாரம் நிர்வாகத்துக்கு என்ற பகிர்வு இங்கே தெரிகிறது.

மற்றொரு வேறுபாடும் முக்கியமானது. சீனக் கோட்பாட்டின்படி, நெறி தவறிய பேரரசரிடமிருந்து வானம் தன் ஆணையைத் திரும்பப் பெறும். வேறு வம்சம் ஆட்சிக்கு வரலாம். ஜப்பான் இந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அமத்தேராசுவின் வழியில் பிறந்தவரே ஆளலாம். பிறப்பை யாரும் பறிக்க முடியாது. தேர்வெழுதி அதிகாரியாகும் சீன முறையும் அங்கே வேர்விடவில்லை. உயர்ந்த படிகள் பெரிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கே கிடைத்தன.

நாடு மாகாணம், மாவட்டம், 50 குடும்பங்கள் கொண்ட ஊர் எனப் பிரிக்கப்பட்டது. மாகாண ஆளுநர் தலைநகரிலிருந்து சென்றார். மாவட்டத் தலைமை பழைய உள்ளூர்க் குலங்களிடமே விடப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை குடும்பப் பதிவேட்டைப் பார்த்து, ஆறு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் நெல்வயல் பிரித்துத் தரப்பட்டது. ஆணின் பங்கில் மூன்றில் இரண்டு பெண்ணுக்கு. விளைச்சலில் ஏறத்தாழ 3 விழுக்காடு நெல்வரி. அது சிறிது, ஆண்கள்மேல் விழுந்த மற்றச் சுமைகளே பெரியவை. துணி, பட்டு, உப்பு, மீன் எனப் பொருள்வரி தனி. ஆளுநர் கேட்டால் ஆண்டுக்கு 60 நாள் வரை ஊதியமில்லாமல் உழைக்க வேண்டும். படைப்பணியும் உண்டு, சிலர் மூன்று ஆண்டுகள் கியூஷு கரையைக் காக்க அனுப்பப்பட்டார்கள். வரிப்பொருளை உழவர்களே சுமந்து தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பும் வழியில் உணவின்றி மடிந்தவர்களைப் பற்றி அரசின் சொந்த ஆவணங்களே வருந்திக் கூறுகின்றன. வரி மூட்டைகளில் கட்டிய மரச்சீட்டுகள் நாராவின் மண்ணுக்குள் பத்தாயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. இன்ன மாகாணம், இன்ன ஊர், இன்னார், இத்தனை உப்பு என்று அவற்றில் மையால் எழுதியிருக்கிறது. வரலாற்று நூல்களில் பெயரில்லாத உழவர்களின் பெயர்கள் அந்தச் சீட்டுகளில் நிலைத்துவிட்டன.

நாரா: பெரிய புத்தரின் நகரம்

710-இல் சீனத் தலைநகர் சாங்கானை மாதிரியாகக் கொண்டு கட்டங்கட்டமாக வகுத்த ஹெய்ஜோ நகரம், இன்றைய நாரா, தலைநகராயிற்று. நடுவே ஓடிய பெருவீதியின் அகலமே 70 மீட்டருக்கு மேல். 712-இல் ஓ நோ யசுமாரோ ‘கொஜிக்கி’யையும், 720-இல் இளவரசர் தொனேரியின் தலைமையிலான குழு ‘நிஹோன் ஷோக்கி’யையும் முடித்தளித்தார்கள். பல குலங்களின் தெய்வக் கதைகளையும் வம்சாவளிகளையும் திரட்டி, எல்லாவற்றையும் அமத்தேராசுவின் வழிக்குக் கீழே வரிசைப்படுத்திய நூல்கள் அவை. ஒவ்வொரு குலத்தின் தெய்வத்துக்கும் அவற்றில் இடம் இருந்தது. அந்த இடம் எது என்பதை அரசு முடிவுசெய்தது.

735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டைச் சூறையாடியது. அரசவையை நடத்திய ஃபுஜிவாரா சகோதரர் நால்வரும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். பேரரசர் ஷோமு புத்தரின் காவலை நாடினார். 741-இல் மாகாணம்தோறும் துறவியர் மடமும் பிக்குணியர் மடமும் கட்ட ஆணையிட்டார். 743-இல் மிகப் பெரிய வெண்கலப் புத்தர் சிலை செய்யும் உறுதியை அறிவித்து, ஒரு கைப்பிடி மண் கொண்டுவருபவரும் இதில் பங்கு பெறலாம் என்றார். ஊர் ஊராகச் சென்று பாலமும் ஏரியும் அமைத்து மக்களின் அன்பைப் பெற்றிருந்த துறவி கியோக்கி, இந்தப் பணிக்கு ஆளும் பொருளும் திரட்டினார். பழைய தெய்வங்களும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. கியூஷுவின் உசாவில் இருந்த ஹச்சிமான் தெய்வம் இப்பணிக்கு உதவுவதாக அருள்வாக்கு வந்தது. 749-இல் அத்தெய்வத்தை நாராவுக்கு எழுந்தருளச் செய்தார்கள்.

ஏறத்தாழ 15 மீட்டர் உயரமான அந்தச் சிலைக்கு 752-இல் தோதாய் கோயிலில் கண் திறப்பு விழா நடந்தது. கண்ணைத் தீட்டியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தென்னிந்திய அந்தணர் குலத்தவர் என்று ஜப்பானியப் பதிவுகள் கூறும் இவர், சீனா வழியாக 736-இல் ஜப்பானுக்கு வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டப்பட்டிருந்தது. பட்டம் துறந்த ஷோமு, அவர் மனைவி கோமியோ, ஆட்சியில் இருந்த மகள் பேரரசி கோக்கென் முதலியோர் அந்தக் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். புத்தரின் கண்ணில் கோடு விழும்போது அந்தப் புண்ணியத்தில் எல்லாருக்கும் பங்கு என்பது அதன் பொருள். அந்தத் தூரிகையும் கயிறும் நாராவின் ஷோசோ கருவூலத்தில் இன்றும் உள்ளன.

தலைநகர் மாறியது

அரசு ஊட்டி வளர்த்த கோயில்கள் அரசியலிலும் வலிமை பெற்றன. ஒரு முறை பட்டம் துறந்து மீண்டும் அரியணை ஏறிய கோக்கென், தோக்கியோ என்ற துறவியைப் பெரும் பதவிகளுக்கு உயர்த்தினார். 769-இல் தோக்கியோவே பேரரசராக வேண்டும் என்று உசா ஹச்சிமானின் அருள்வாக்கு வந்ததாகச் செய்தி பரவியது. உறுதிசெய்துவரச் சென்ற வாக்கே நோ கியோமாரோ, அரச வழியில் வராதவர் அரியணை ஏறக் கூடாது என்ற நேர்மாறான வாக்கோடு திரும்பினார். அடுத்த ஆண்டு பேரரசி இறந்ததும் தோக்கியோ தலைநகரை விட்டு அகற்றப்பட்டார். அதன்பின் 17-ஆம் நூற்றாண்டு வரை எந்தப் பெண்ணும் ஜப்பானின் அரியணையில் அமரவில்லை.

பேரரசர் கம்மு 784-இல் நாராவை விட்டு நகர்ந்தார். 794-இல் ஹெய்யான் நகரில், இன்றைய கியோத்தோவில், தலைநகரை நிலைநாட்டினார். நாராவின் பெரிய கோயில்கள் உடன்வர அனுமதி இல்லை. நிலப் பங்கீட்டு முறையும் தளர்ந்துகொண்டிருந்தது. புதிதாகத் திருத்திய நிலம் திருத்தியவருக்கே என்றென்றும் சொந்தம் என்று 743-இல் வந்த சட்டத்தால், பெருங்குடும்பங்களும் கோயில்களும் நிலத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தன. பேரரசர் பூசைக்குரிய தலைவராகவே இருக்க, அதிகாரம் முதலில் ஃபுஜிவாரா குலத்துக்கும் பின்னர் படைத்தலைவர்களான ஷோகன்களுக்கும் போயிற்று.

ஆள்பவர்கள் மாறினார்கள், அரச குலம் மாறவில்லை. அதிகாரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தெய்வத்தின் முன் நாட்டுக்காக நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்பதே இதற்குக் காரணம். 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் அரசையும் சமயத்தையும் பிரித்து, பேரரசரை நாட்டின் அடையாளமாக மட்டும் வைத்தது. ஆயினும் தெம்மு, ஜித்தோ காலத்தில் உருப்பெற்ற சடங்கின்படி, அரியணை ஏறிய பேரரசர் நருஹிதோ 2019 நவம்பரில் டோக்கியோ அரண்மனையில் அமத்தேராசுவுக்கும் மற்றத் தெய்வங்களுக்கும் புது அரிசியைப் படைத்துத் தாமும் உண்டார்.